மொட்டை மொறிஸும் டபுள் கப்பும்: கேட்டவர்களுக்கு ஒரு பதில்



"சேர், வாப்பாட மொறிஸை விக்கப் போறீங்களாமே, உண்மையா?"

இரண்டு கிழமையாக இந்தக் கேள்விதான். பள்ளிவாசல் வாசலில், ஐந்து சந்தித் தேநீர்க் கடையில், பாடசாலை ஆசிரியர் அறையில் என்று எங்கு போனாலும் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லி முடியாது. அதனால் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் இதுதான். என் தங்கையின் மகன் ஹாட்வெயார் வியாபாரம் செய்கிறான். சீமெந்து, இரும்புக் கம்பி, தகரம் எல்லாம் வீட்டு வேலை நடக்கும் இடங்களுக்குக் கொண்டுபோய் இறக்க வேண்டும். இதுவரை ஒவ்வொரு தடவையும் வாடகைக்கு வாகனம் பிடிக்கிறான். இப்போது அவனுக்கு ஒரு டபுள் கப் வாங்க ஆசை. கையில் உள்ளது போதாது. வாப்பாவின் மொறிஸ் மைனரை விற்றால் முற்பணத்துக்கு உதவும் என்கிறான். கொழும்பிலிருந்து ஒருவர் இரண்டு தடவை வந்து காரைப் பார்த்துவிட்டும் போய்விட்டார். "மாமா, மொறிஸில சீமெந்து ஏத்த ஏலுமா?" என்று மருமகன் கேட்டான். நியாயமான கேள்வி. அவனைப் பேராசைக்காரன் என்று யாரும் நினைக்க வேண்டாம். எங்கள் குடும்பத்தில் அதிகாலையில் எழும்பி உழைக்கிற பிள்ளை அவன்தான்.

முதலில் அந்தக் காரைப் பற்றிச் சொல்கிறேன். இளம் பிள்ளைகள் பலருக்கு அது கல்யாணப் படங்களில் பூச்சோடித்து நிற்கிற ஒரு பொருள் மட்டும்தான்.

மொறிஸ் மைனர் 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். துருக்கியின் இஸ்மீர் நகரில் பிறந்தவர், பிறகு மினி காரையும் உருவாக்கியவர். மைனரின் மாதிரிக் கார் ஒன்றைச் செய்து பார்த்தபோது அகலம் போதாது என்று அவருக்குப் பட்டிருக்கிறது. காரை நீளப்பாட்டில் நடுவால் வெட்டி, இரண்டு பாதியையும் நான்கு அங்குலம் விலக்கி வைத்துப் பார்த்து, அந்த அளவையே உறுதிப்படுத்தினார். மைனரின் பொனெற்றில் நடுவே ஓடும் பட்டை அந்த நான்கு அங்குலத்தின் அடையாளம். பத்து இலட்சத்தைத் தாண்டித் தயாரிக்கப்பட்ட முதல் பிரித்தானியக் கார் இதுதான்.

எங்களுடையது 1954ஆம் ஆண்டுக் கார். 803 சீசீ, 30 குதிரை வலு. கூரை தகரம் இல்லை, கன்வஸ் துணி. பின்னுக்கு மடக்கிவிட்டால் திறந்த கார். சோனகத் தெருப் பிள்ளைகள் அதற்கு வைத்த பெயர் "மொட்டை மொறிஸ்". திரும்பும்போது பக்கத்திலிருந்து செம்மஞ்சள் நிறத்தில் ஒரு சின்னக் கை வெளியே நீளும். அதுதான் சிக்னல். சாவியைத் திருப்பினால் பெற்றோல் பம்ப் டிக், டிக் என்று அடிக்கும். அந்தச் சத்தம் நின்ற பிறகுதான் வாப்பா ஸ்டார்ட் பண்ணுவார். இலக்கத் தகட்டில் ஆங்கில எழுத்து. 1957இல் சிங்களச் 'சிறீ' எழுத்து வந்ததையும், அதை எதிர்த்து நம் பக்கத்தில் தார் பூசியதையும் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். இது அதற்கு முந்திய பதிவு.

யாழ்ப்பாணத்தில் இது அபூர்வமான விஷயமும் இல்லை. ஒஸ்ரின் ஏ-40, ஏ-55, மொறிஸ் ஒக்ஸ்போட், மைனர் என்று வாடகைக்கு ஓடிய கார்களில் பெரும்பங்கு இவைதான். நல்ல காருக்கும் கெட்ட காருக்கும் அன்று இருந்த வித்தியாசம், எந்தக் கராஜுக்குப் போகிறது என்பதுதான்.

இனி டபுள் கப். நேர்மையாகச் சொல்கிறேன். வாகனம் என்று பார்த்தால் இரண்டுக்கும் ஒப்பீடே கிடையாது. இன்றைய டொயோட்டா ஹைலக்ஸ் ஒன்றை எடுங்கள். 2.4 லீற்றர் டீசல் எஞ்சினே 150 குதிரை வலு. நீளம் 5.3 மீற்றர். கிட்டத்தட்ட ஒரு தொன் ஏற்றலாம். அதற்கு மேல் ஐந்து பேர் ஏசியில் இருக்கலாம். மொறிஸின் முழு எடையே முக்கால் தொன்தான். அதாவது எங்கள் காரையே தூக்கி ஹைலக்ஸின் பின்னால் வைத்தாலும் பாரம் தாங்கும், நீளம்தான் இடிக்கும். விபத்து நடந்தால் ஹைலக்ஸில் காற்றுப் பை இருக்கிறது. மொறிஸில் சீற் பெல்ற்றே இல்லை. மாரி மழையில் மொறிஸுக்குள் நனையாமல் இருந்த ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. நெடுந்தூரம் போக, நோயாளியை ஏற்ற, பாரம் சுமக்க, வெள்ளத்தில் ஓட என்று எதை எடுத்தாலும் டபுள் கப்தான். மொறிஸ் வெல்கிற இடம் எங்கள் ஒழுங்கைகள் மட்டும். 3.76 மீற்றர்க் கார் ஒரே வெட்டில் திரும்பும். டபுள் கப் மதிலில் உரசிக்கொண்டு நாலு தரம் முன்னுக்கும் பின்னுக்கும் போகும்.

"அப்படியென்றால் விற்றுவிட வேண்டியதுதானே சேர்?" என்பீர்கள். மிச்சத்தையும் கேளுங்கள்.

1990 ஒக்டோபர் 30, செவ்வாய்க்கிழமை. எனக்கு அப்போது பத்து வயது. இரண்டு மணி நேரத்துக்குள் போகச் சொன்னார்கள். அதை இங்கே விரிவாக எழுதத் தேவையில்லை. இதை வாசிக்கிற எங்கள் ஆட்களில் பாதிப் பேர் அந்த வரிசையில் நின்றவர்கள், மீதிப் பேர் அவர்களின் பிள்ளைகள். நான் சொல்ல வந்தது வாகனங்களைப் பற்றி. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் ஜப்பான் பிக்கப் ஒன்று நின்றது. புதுசு, நன்றாக ஓடும். அதனால் அன்றே அது கைமாறிப் போனது. எங்கள் மொறிஸ் வீட்டில் இல்லை. எஞ்சினைக் கழற்றிச் சாக்கில் பரப்பிய நிலையில் கொக்குவிலில் ஒரு கராஜில் கிடந்தது. ஓடாத காரை யாரும் தேடிப் போகவில்லை. நாங்கள் லொறியில் நின்றுகொண்டு ஊரை விட்டுப் போனோம். புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருந்துகொண்டு வாப்பா சில இரவுகளில் சொல்வார்: "ரிங் மட்டும்தான் மாத்த இருந்தது." வேறு எதையும் பற்றிப் பேசமாட்டார்.

அந்த மெக்கானிக் ஐயா (குடும்பத்தார் விரும்பாததால் பெயர் எழுதவில்லை) எஞ்சினைப் பூட்டிவிட்டார். காசு தர ஆள் இல்லை, எப்போது வருவோம் என்றும் தெரியாது. ஆனாலும் பூட்டினார். "கழட்டிப் போட்ட எஞ்சின் கறள் பிடிக்கும் தம்பி, அதைப் பாத்துக்கொண்டு இருக்கேலாது" என்று பிறகு காரணம் சொன்னார்.

அது பொருளாதாரத் தடைக் காலம். பெற்றோல் போத்தல் கணக்கில், தங்கம் மாதிரி. மொறிஸ் மண்ணெண்ணெயில் ஓடியது. இதை இன்றைய பிள்ளைகள் நம்பமாட்டார்கள். நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன் என்பதால் வகுப்பில் இதை உதாரணமாகச் சொல்வேன். பெற்றோல் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும். மண்ணெண்ணெய் ஆவியாக நல்ல சூடு வேண்டும். ஆகவே முதலில் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் கொதித்த பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிறுத்துவதற்கு முன் திரும்பவும் பெற்றோலுக்கு மாற்றாவிட்டால் அடுத்த தடவை ஸ்டார்ட் ஆகாது. பழைய எஞ்சின்களில் காற்றும் எரிபொருளும் அமுக்கப்படுவது குறைவு, ஏழுக்கு ஒன்று அளவில். அதனால்தான் மட்டமான எரிபொருளையும் அவை பொறுத்துக்கொண்டன. புகை வரும், பிளக்கில் கரி பிடிக்கும், எஞ்சின் ஒயிலுக்குள் மண்ணெண்ணெய் இறங்கும். அடிக்கடி கழற்றித் துடைக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் அன்று அது தெரியாத மெக்கானிக் இல்லை.

சரியாக ஐந்து வருடம் கழித்து அதே திகதி, 1995 ஒக்டோபர் 30. இந்த முறை வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. எங்களை அனுப்பிவிட்டு நின்ற ஊர் தானும் எழும்பி நடந்தது. இதை எந்தக் கணக்கும் தீர்ப்பதற்காகச் சொல்லவில்லை. இரண்டு திகதியும் ஒன்று என்பது இரண்டு பக்கத்துப் பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மெக்கானிக் ஐயா மொறிஸின் கூரையைப் பின்னுக்கு மடக்கினார். பின் சீற்றைக் கழற்றி வீட்டில் போட்டார். நடக்க முடியாத தன் தாயை முன் சீற்றில் இருத்தினார். பின்னால் பாத்திரம், பாய், அரிசி மூட்டை, தையல் மெசின், கராஜின் ஆயுதப் பெட்டி. மேலே தகரம் இல்லாததால் எவ்வளவு உயரத்துக்கும் அடுக்கிக் கயிறு போட்டுக் கட்டலாம். அயல்வீட்டுக்காரரின் இரண்டு சின்னப் பிள்ளைகள் அந்த மூட்டைகளுக்கு மேலே. நாவற்குழிப் பாலத்தை நோக்கி இலட்சக்கணக்கான சனம் அடி அடியாக நகர்ந்த இரவு அது. மழையும் பெய்தது. அந்த வேகத்தில் எஞ்சின் கொதித்து நின்றுவிட்டது. பிறகு பெரும்பாலும் தள்ளித்தான் போயிருக்கிறார்கள். ஸ்டியரிங் உள்ள ஒரு தள்ளுவண்டி மாதிரி.

மருமகன் கேட்ட கேள்விக்கு ஒரு பதில் இது. மொறிஸில் சீமெந்து ஏற்ற முடியாதுதான். ஆனால் அந்த ஒரு நாள் அது பிக்கப்பின் வேலையைச் செய்தது.

தென்மராட்சியில் இருந்த மாதங்களில் காரின் கன்வஸைக் கழற்றி அவர்கள் கொட்டிலுக்குக் கூரையாகப் போட்டார்கள். 1996இல் வீடு திரும்பும்போது துணி கிழிந்து முடிந்துவிட்டது.

2002இல் ஏ9 பாதை திறந்தபோது வாப்பாவோடு நானும் கொக்குவிலுக்குப் போனேன். பன்னிரண்டு வருடம். ஐயா எங்களைக் கண்டதும் முதலில் சொன்னது, "தம்பி, சாமான் எல்லாம் இருக்கு. கூரைத் துணி மட்டும் இல்லை" என்பதுதான். வாப்பா, "அண்ணை, நான் காரைப் பாக்க வரேல்லை" என்றார். அதற்குப் பிறகு இரண்டு பேரும் கார்ப் பொனெற்றைத் திறந்துவைத்துக்கொண்டு வெகுநேரம் எஞ்சினைப் பற்றி மட்டுமே பேசினார்கள். நான் பக்கத்தில் நின்றேன். வேறு எந்தப் பேச்சும் வரவில்லை. அவர்களுக்கு அது போதுமாக இருந்தது என்றுதான் இன்றைக்கு நினைக்கிறேன்.

2010இல் நாங்கள் ஊருக்குத் திரும்பினோம். கார் வீட்டுக்கு வந்தது. ஐயாவும் இன்று இல்லை, வாப்பாவும் இல்லை. அல்லாஹ் வாப்பாவின் கப்றை விசாலமாக்கட்டும். ஐயாவின் குடும்பத்துக்கு எங்கள் வீட்டில் என்றும் இடமுண்டு.

சரி, கதையைச் சொல்லி உங்களைக் கலங்கவைத்து "விற்கக் கூடாது" என்று முடிப்பது சுலபம். அப்படிச் செய்யப் போவதில்லை. அந்தக் கார் எனக்கு மட்டும் உரியது இல்லை. வாப்பா விட்டுப்போன சொத்து அது. மார்க்கப்படி பங்கு இருக்கிறது. உம்மாவுக்கு எட்டில் ஒன்று. மிச்சம் நானாவுக்கும் எனக்கும் தங்கைக்கும் இரண்டுக்கு இரண்டுக்கு ஒன்று. நாற்பது பங்காகப் பிரித்தால் உம்மாவுக்கு 5, நானாவுக்கு 14, எனக்கு 14, தங்கைக்கு 7. தங்கையின் அந்த ஏழு பங்கை என்னுடைய ஞாபகத்தைக் காட்டி நான் பிடித்துவைக்க முடியாது. அது அவளுடைய ஹக். நம் ஊரில் பெண் பிள்ளைகளின் பங்கு "பிறகு பாப்போம்" என்றே காலம் போகிறது. எத்தனை வளவுகள் அப்படிக் கிடக்கின்றன என்று உங்களுக்கே தெரியும்.

நான் தயங்குவது டபுள் கப்பைப் பார்த்து அல்ல, அதை வாங்கப் போகும் முறையைப் பார்த்து. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்தார்கள். இன்றைக்கு நல்ல நிலையில் உள்ள ஒரு ஹைலக்ஸ் ஒரு கோடி ரூபாயைத் தாண்டுகிறது. மொறிஸை விற்ற காசு முழுவதும் போட்டாலும் பெரும்பகுதி லீசிங். ஐந்து வருடம், அறுபது தவணை. சி.ஆர். புத்தகத்தில் 'அப்சொலூட் ஓனர்' என்ற இடத்தில் இருக்கப் போவது நிதி நிறுவனத்தின் பெயர். கடைசித் தவணை கட்டும் வரை நம் பிள்ளை அந்த வாகனத்தை ஓட்டுகிறவன் மட்டும்தான். மாரி தொடங்கினால் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை வீட்டு வேலை படுத்துவிடும், சீமெந்து ஓடாது. தவணை மட்டும் நிற்காது. இரண்டு மூன்று தவணை விட்டுப்போய், விடியற்காலையில் படலையடியில் வந்து வாகனத்தைத் தூக்கிப்போன கதைகள் நம் பகுதியிலேயே இருக்கின்றன. இஜாரா போன்ற வட்டியில்லா முறை என்று சொல்லப்படுபவையும் உண்டு. அதன் மார்க்கத் தீர்ப்பை உலமாக்களிடம் கேளுங்கள். நான் சொல்வது கணக்கு மட்டும்.

இன்னொன்று, திருத்துகிற விஷயம். இன்றைய டீசல் எஞ்சினில் எரிபொருள் 1,500 வளிமண்டல அமுக்கத்துக்கும் மேலான அழுத்தத்தில் பீச்சப்படுகிறது. பம்பும் இன்ஜெக்டரும் அந்த டீசலின் வழுவழுப்பிலேயே ஓடுபவை. மண்ணெண்ணெய் கலந்தால் அவை தேய்ந்து போகும். பொனெற்றைத் திறந்தால் கை வைக்க இடமில்லை. கணினியைக் கொளுவினால்தான் வருத்தம் என்னவென்று தெரியும். இது குறை அல்ல, அந்த நுட்பத்தின் விலை. நம் பிள்ளைகள் அந்தக் கணினி வேலையைப் படித்தால் நல்ல சம்பளம் இருக்கிறது. தொழில்நுட்பப் பாடம் எடுக்கிற மாணவர்களுக்கு இதை நான் ஒவ்வொரு வருடமும் சொல்கிறேன். பழைய காருக்கு வேண்டியது வேறு மாதிரியான அறிவு. தொண்ணூறுகளில் இங்கிலாந்தின் பாத் நகரில் மைனர் கார்களைத் திருத்திவந்த சார்ள்ஸ் வெயரும் நம் நாட்டவரான தனபால சமரசேகரவும் சேர்ந்து தென்னிலங்கையில் மைனர் உதிரிப்பாகப் பட்டறை ஒன்றைத் தொடங்கினார்கள். இங்கிலாந்துக் காருக்கு இலங்கையில் தகரம் அடித்து அங்கேயே அனுப்பினார்கள். அதேபோன்ற கை நமக்கும் இருந்தது. மண்ணெண்ணெயில் எஞ்சினை ஓடவைத்த கை. அந்த ஆட்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

"அப்படியென்றால் கஷ்ட காலத்துக்குப் பழைய காரே காவல்" என்று சிலர் சொல்வார்கள். அதுவும் முழு உண்மை இல்லை. 2022ஐ நினைத்துப் பாருங்கள். டபுள் கப்புகள் டீசல் வரிசையில் இரவிரவாகக் கிடந்தன. எங்கள் மொறிஸும் வீட்டில்தான் நின்றது. மண்ணெண்ணெயும் கிடைக்கவில்லை. ஓகஸ்ட் மாதம் அதன் விலை 87 ரூபாயிலிருந்து 340க்குப் போனது. பாவம், கடற்றொழிலாளர் தவித்தார்கள். கியூ.ஆர். அட்டையில் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் வந்த பிறகுதான் ஏதோ ஓடியது. அந்த நாட்களில் நான் பள்ளிக்கூடம் போனது துவிச்சக்கர வண்டியில். ஒரே ஒரு வித்தியாசம்: நின்ற மொறிஸுக்கு மாதத் தவணை கட்ட வேண்டியிருக்கவில்லை.

இதையெல்லாம் வைத்துப் போன வெள்ளிக்கிழமை குடும்பமாக இருந்து பேசினோம். என் யோசனை இது. காரை விற்கும் விலை என்ன என்று மூன்றாம் ஆள் ஒருவரைக் கொண்டு மதிப்பிடுவோம். தங்கையின் ஏழு பங்கை நானாவும் நானும் காசாகக் கொடுத்துவிடுவோம். கொடுத்த பிறகு கார் எங்கள் பொறுப்பு. அந்தக் காசோடு தன் சேமிப்பையும் போட்டு மருமகன் ஒரு பழைய பட்டா வாகனத்தைக் கைக்காசுக்கே வாங்கட்டும். டபுள் கப் அளவுக்கு ஏற்றாது, ஏசியும் இல்லை. ஆனால் அவனுக்குத் தேவையான சீமெந்தும் கம்பியும் இரண்டு நடையில் போகும். புத்தகத்தில் அவன் பெயர் மட்டும் இருக்கும். இரண்டு மூன்று வருடம் வியாபாரம் நிமிர்ந்தால் டபுள் கப்பை அப்போது வாங்கலாம், இன்ஷா அல்லாஹ்.

உம்மா சம்மதம். நானாவுக்குக் காசு திரட்டக் கொஞ்சம் அவகாசம் வேண்டும். தங்கை, "மகன்ட விருப்பம்" என்கிறாள். மருமகன் இன்னும் சம்மதிக்கவில்லை. "பட்டாவில போனா ஆக்கள் மதிக்கிறாங்கள் இல்ல மாமா" என்கிறான். அவன் சொல்வது பொய்யும் இல்லை. கல்யாண வீட்டில் டபுள் கப்பில் வந்து இறங்குபவருக்கு ஓடிவந்து கதிரை போடுகிறோம். பட்டாவில் வருபவரிடம் "சாமான் எங்க இறக்குறது?" என்று கேட்கிறோம். நம் பிள்ளைகள் அறுபது தவணைக்குக் கையெழுத்துப் போடுவது வாகனத்துக்காக மட்டும் இல்லை, அந்தக் கதிரைக்காகவும்தான். அதை மாற்றுவது மருமகனின் கையில் இல்லை. வாசிக்கிற உங்கள் கையிலும் என் கையிலும் இருக்கிறது. அவனிடம் சாமான் எடுக்கிறவர்கள் யாராவது இதை வாசித்தால், ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்கள்.

ஆகவே கேட்டவர்களுக்குப் பதில்: இன்னும் விற்கவில்லை. முடிவானதும் சொல்கிறேன்.

கடைசியாக இரண்டு வேண்டுகோள். ஒன்று, பழைய காருக்குக் கன்வஸ் கூரை தைக்கத் தெரிந்த தையல்காரர் யாராவது குடாநாட்டில் இருந்தால் அறியத் தாருங்கள். சட்டகம் இருக்கிறது, துணிதான் வேண்டும். இரண்டாவது, 1995இல் அந்த மூட்டைகளுக்கு மேலே இருந்து போன இரண்டு பிள்ளைகளும் இப்போது நாற்பதை நெருங்கியிருப்பார்கள். எந்த நாட்டில் இருந்தாலும் சரி, இதை வாசித்தால் ஒரு வார்த்தை எழுதுங்கள். ஊருக்கு வரும்போது வீட்டுக்கும் வாருங்கள், தேநீர் தருவோம். காரில் ஏறியும் இருக்கலாம். ஓட்டிப் பார்க்க மட்டும் கேட்காதீர்கள், பிரேக் இன்னும் சரிவரவில்லை.